நான்காவது சொட்டு

தேய்க்கக் கூடாது. என்ன வந்தாலும் தேய்க்கக் கூடாது. எட்டு மாதமாக எனக்கு நானே ஒப்பித்துக்கொண்ட பாடம் இது. ஆனால் உடுப்பை மடியில் விரித்த உடனே கட்டைவிரல் தானாகப் போய் அந்தச் சொட்டின் மேல் உட்காருகிறது. எடு கையை. டெல்பின், எடுடி கையை. மணி ஒன்று இருபது. மூன்று மணிக்கு லெயோனி மைனி வந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் ஜோஸ்வினுடைய அக்கா. நாலு மணிக்குக் கோயிலில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம், இந்தக் குடும்பத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை உடுத்துவது அத்தையின் உரிமை. பெற்றவள் பெட்டியைத் திறந்து உடுப்பை எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மைனி வருவாள், உடுப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழே வரைக்கும் பார்ப்பாள், அந்தக் கண்ணுக்கு ஒரு நூல் பிசகியிருந்தாலும் தப்பாது. இங்கேயோ கீழ் ஓரத்தில் மூன்று சொட்டு மெழுகு, மிளகு அளவில் ஒன்று, பட்டாணி அளவில் ஒன்று, மூன்றாவது வழிந்து நீளமாக ஒரு வெள்ளரி விதை. மூன்றும் நான் போட்டது. ஜோஸ்வினுடைய தாத்தா கொழும்பிலிருந்து கொண்டு வந்த வெள்ளைப் பட்டு, எழுபது வருஷம், பதினேழு பிள்ளைகள், ஒரு தடவை கூடத் துவைத்ததில்லை. கல்யாணமான புதிதில் நான் கேட்டுத் தொலைத்தேன், இத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூடவா நனைக்கவில்லை என்று. அரை மணி நேரம்தானே போடுவது, அடியில் தடிமனாகத் துணி கட்டிவிடுவோம் என்றார்கள், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தபடி. தீர்த்தமும் கிறிஸ்மா தைலமும் பட்ட துணியைச் சோப்புப் போட்டு அலசிச் சாக்கடையில் விடுவதாவது! அதனால் தண்ணீர் படக் கூடாது, சோப்பு படக் கூடாது, மண்ணெண்ணெய் வாசம் வரவே கூடாது. தொட்டிலில் பாப்பா சப்புக்கொட்டுகிறது. தூங்குடி என் தங்கமே, இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்கு.

ஐந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு லெயோனி மைனியின் கடைசிப் பெண்ணுக்கு ஞானஸ்நானம். மைனி பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் நான், கல்யாணமாகி நாலு வருஷம், வயிற்றில் ஒன்றும் இல்லை, ஆகவே எங்கே நின்றாலும் கொஞ்சம் ஒதுங்கியே நிற்கப் பழகியிருந்தேன். சாமியார் பீடத்துப் பெரிய பாஸ்கா திரியில் பற்றவைத்த மெழுகுதிரியை மைனியிடம் நீட்டினார். அவள் வாங்கின கையோடு என் கையில் திணித்தாள். “நீ பிடிட்டி. கைராசி வரட்டும்.” பின்னால் யாரோ, எவ்வளவு பெரிய மனசு பாரு என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அழுகையோடு பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் குனிந்தேன், கை சாய்ந்தது, டப், டப், டப். மெழுகு விழுவதற்கு ஏது சத்தம்? எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது, வகுப்பில் பாடம் நடத்தும்போது திடீரென்று கேட்கும். மைனியின் முழங்கைக்குக் கீழே தொங்கிய ஓரத்தை ஒரு விரலால் மடித்து உள்ளே தள்ளினேன். யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே உடுப்பு நீலத்தாளில் சுற்றி, நாலு கிராம்பு போட்டு, பழைய பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த பிள்ளையைப் பெற்றவள்தான் திறக்க வேண்டும், அதுவும் ஞானஸ்நானத்தன்றைக்கே, அது வரைக்கும் போன பிள்ளையின் வீட்டில் மூடியபடி இருக்கும். இன்றைக்குத் திறந்தேன். ஓரம் உள்பக்கமாக மடித்து, ஒரு பித்தளை ஊக்கு குத்தியிருந்தது. நான் ஊக்குக் குத்தவில்லை. அந்த நேரத்தில் கோயிலில் ஊக்குக்கு எங்கே போவேன்? பெட்டி மூடும்போது எந்தப் பெரியம்மாவாவது மடிப்பு கலையாமல் இருக்கக் குத்தியிருப்பாள். ஊக்கை எடுத்துச் சீப்புப் பக்கத்தில் போட்டுவிட்டேன். ஊக்கைப் பற்றி யோசிக்க நேரமா இது.

எட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மெழுகு எத்தனை டிகிரியில் உருகும் என்று போர்டில் எழுதிப் போட்டு, எழுதாதவர்களை எழுப்பி நிறுத்தி வைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மூன்று சொட்டுதான் என் வயிற்றில் விழுந்து உறைந்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு தடவை தள்ளிப்போய்க் கலைந்தது, இரண்டு தடவையும் டாக்டரம்மா ஏதேதோ காரணம் சொன்னார், நான் தலையாட்டிக்கொண்டே மெழுகு, மெழுகு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் நின்றது. நின்றுவிட்டது என்று ஸ்கேனில் சொன்ன அன்றைக்கு, ஜோஸ்வின் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகிறார், நானும் அழுகிறேன், அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு குளிர், ஐயோ பெட்டியைத் திறப்பார்களே என்று. அன்றைக்கே தொடங்கினேன் பயிற்சியை. பள்ளிக்கூடத்துக்குச் சாமான் போடுகிற கடையில் வடிதாள் ஒரு பாக்கெட் என் காசில் வாங்கினேன், அச்சு இல்லாத, கோடு இல்லாத, வட்டமான வெள்ளைத் தாள். சூடு வைத்து மெழுகை உறிஞ்சச் செய்தித்தாள் வைக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வைத்துப் பார்த்தேன், தலைப்புச் செய்தி முழுசும் கர்ச்சீப்பில் இறங்கிவிட்டது. ஜோஸ்வினுடைய கர்ச்சீப்பில் சொட்டு விட்டுப் பழகினேன், தையல்காரர் கொடுத்த துண்டுப் பட்டில் சொட்டு விட்டுப் பழகினேன். “என்னட்டி, என் கர்ச்சீப்பெல்லாம் சூடு வச்ச மாதிரி இருக்கு?” என்றார் ஒரு நாள். மசக்கையில் அப்படித்தான் இருக்கும் என்றேன். பாவம், நம்பிவிட்டார். மசக்கையில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வீட்டில் எனக்குப் பேர் ஓட்டைக் கை. வந்த முதல் வாரத்தில் மாமியாரின் பீங்கான் தட்டு, அடுத்த வாரம் அதன் ஜோடி. பிரியாணி பரிமாறினால் சட்டைக்கு ஒரு கரண்டி. ஒரு விருந்தில் பாயசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன், பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், மரியாதைக்கு என்றா நினைக்கிறீர்கள்? ஆனால் லெயோனி மைனி! மைனி வெட்டினால் வெங்காயம் கூட அளவெடுத்தது போல விழும். உடுப்பின் ஓரத்தில் இதோ, என் மூன்று சொட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, ஒரு ரோஜாப்பூ. வெள்ளையில் வெள்ளை நூல், புடைத்துக்கொண்டு, ஐந்து இதழும் இரண்டு இலையும். மொத்த உடுப்பிலும் பூ என்று இருப்பது இது ஒன்றுதான், அதனால் இதற்குத் தனிப்பூ என்றே பெயர். இதன் கதை தெரியாதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கடைசித் தம்பி செட்ரிக்குக்கு ஞானஸ்நானம் ஆனபோது மைனிக்குப் பதினாறு வயது. தம்பிக்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சோறு தண்ணி இல்லாமல் இந்தப் பூவைப் போட்டாளாம். கல்யாணம், சாவு வீட்டுக் காடேற்று, எங்கே கூடினாலும் யாராவது சொல்வார்கள், பொம்பளைப் பிள்ளைக்குக் கை என்றால் லெயோனி கை, என்று. சொல்லிவிட்டு என் கையைப் பார்ப்பார்கள். மைனி பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அந்த அடக்கம்தான் எனக்கு ஆகவே ஆகாது. பெருமை அடித்துக்கொண்டாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

சரி. ஐஸ். பிரிட்ஜிலிருந்து இரண்டு கட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சு, அதன் மேல் துண்டு சுற்றி, தண்ணீர் ஒரு பொட்டு வெளியே வரக் கூடாது. சொட்டின் மேல் வைக்கிறேன். எண்ண வேண்டும். நூறு வரைக்கும். அறுபதிலேயே கை பொறுக்கவில்லை, விரல் நுனி மரத்துப்போகிறது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்குகிறது, புருவத்தில் நிற்கிறது, இது விழுந்தால் தீர்ந்தது கதை, தோளில் துடைத்துக்கொள்கிறேன். நூறு. பழைய ஏடிஎம் கார்டின் மழுங்கின ஓரத்தைப் படுக்கை வசமாக வைத்து நெம்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை. அப்போது டக்கென்று ஒரு சத்தம், இந்தத் தடவை நிஜமான சத்தம், மிளகு அளவுச் சொட்டு அப்படியே முழுசாகக் கழன்று எகிறிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. போ! எங்கேயோ போ! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருக்கிறது, பிரசவம் ஆகி நாற்பத்தைந்து நாள், குதிக்கக் கூடாது. பட்டாணி இரண்டாக உடைந்து வந்தது. வெள்ளரி விதை பிடிவாதக்காரி, துண்டு துண்டாகத்தான் வந்தாள். இப்போது மேலே ஒன்றும் இல்லை, தொட்டால் தெரியாது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று இடமும் எண்ணெய் இறங்கினது போல ஊடுருவித் தெரிகிறது. இதுதான் மூன்றாம் பாகம், இதற்குத்தான் சூடு. எட்டு மாதப் படிப்பும் இந்தப் பரீட்சைக்குத்தான். இஸ்திரிப் பெட்டியைப் பட்டுக்குரிய எண்ணில் வைத்து, வடிதாளை மேலே ஒன்று அடியில் ஒன்று வைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினேன்.

மின்விசிறி நின்றது. முதலில் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன், ஓட்டைக் கை அல்லவா, சுவிட்சைத் தட்டினால் ஊரே இருண்டுபோகும். பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. போய்விட்டது கரண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மணி ஒன்று ஐம்பத்தைந்து. சொன்னேன் பார்த்தாயா, என்கிறது உள்ளே ஒரு குரல், உனக்கு எது நடந்திருக்கிறது இது நடக்க, நீ செய்து முடித்தது என்று ஒன்று உண்டா. போன் அடிக்கிறது. மைனி. எடுக்காமல் இருக்க முடியாது. “டெல்பின், புள்ள தூங்குதா? இங்கன எல்லாரும் சாப்பிட்டாச்சு. நான் ரெண்டரைக்கே வந்துருதேன், என்ன?” சரி மைனி என்றேன். வேறு என்ன சொல்ல? வராதீர்கள், வந்தால் என்னைப் பிடித்துவிடுவீர்கள் என்றா? வைப்பதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி, “பெட்டியத் தொறந்துட்டியா?” என்று கேட்டாள். திறந்துவிட்டேன் என்றேன். “ம்,” என்றாள். அந்த “ம்”முக்கு என்ன அர்த்தம்? வெயிலில் காயப்போடலாமா, பட்டு மஞ்சளாகிவிடும். அடுப்பில் தோசைக் கல்லைச் சுடவைத்து, ஐயோ, கருகினால் பதினேழு பிள்ளைகளும் வந்து என்னைக் கேட்பார்கள். அயர்ன் கடை அண்ணாச்சியிடம் கரிப் பெட்டி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தொட்டில் அசைகிறது. பாப்பா கண்ணைத் திறந்து, உச்சியில் சுற்றாத விசிறியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்குகிறது. எடுத்துத் தோளில் போட்டேன். சூடாக இருக்கிறது. இந்தக் குட்டி உடம்பு எவ்வளவு சூடு, அதன் பனியன் வழியாக என் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, கொதிக்கவில்லை, சுடவில்லை, கதகதவென்று. கதகதவென்று.

கதகதவென்று! மெழுகு உருகக் கொதிக்கிற இரும்பு எதற்கு? நீயே போர்டில் எழுதுவாயே, அறுபது டிகிரி, வெந்நீர் போதும். ஹாஸ்டலில் நாங்கள் எப்படி யூனிபாரம் தேய்த்தோம்? அறைக்குள் இஸ்திரிப் பெட்டி வைக்கச் சிஸ்டர் விட மாட்டார், மெஸ்ஸில் வெந்நீர் வாங்கி, அடி தட்டையான எவர்சில்வர் செம்பில் ஊற்றி, துணியால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாவாடை மடிப்பில் ஓட்டுவோம். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். கருகவே கருகாது, கருகுவதற்கு அதில் சூடு கிடையாது. பாப்பாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். பிரசவம் ஆன உடம்பு, ஓடாதே. ஓடினேன். காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, செம்பு, எந்தச் செம்பு, கல்யாணச் சீராக வந்ததில் ஒன்று அடி சப்பையாக இருக்குமே, அதுதான். முக்கால் செம்பு. வெளியில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, மறுபடி துடைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றிப் பிடித்து, அறைக்குக் கொண்டுவருகிறேன். மொத்தக் குடும்பமும் எழுந்து நின்ற அந்தப் பாயசம் நினைவுக்கு வருகிறது. இன்றைக்குச் சிந்தாது. ஒரு சொட்டு சிந்தாது. அடியில் வடிதாள், நடுவில் பட்டு, மேலே வடிதாள், அதன் மேல் செம்பை மெல்ல இறக்கினேன். தேய்க்கக் கூடாது. வைக்க வேண்டும். வைத்து, காத்திருந்து, எடுக்க வேண்டும். முப்பது எண்ணி எடுத்தேன். மேல் தாளில் மூன்று வட்டம், ஈரம் போல, கண்ணாடி போல ஊடுருவி. வந்துவிட்டது. துணியை விட்டுத் தாளுக்கு ஏறிவிட்டது! இரண்டாவது தாளில் பாதி அளவு. மூன்றாவதில் பொட்டளவு. நாலாவது தாள் வெள்ளை. வெறும் வெள்ளை. பாப்பாவின் பவுடரை ஒரு சிட்டிகை தூவி, ஊதி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் வேப்பமரம் தெரிகிறது, நடுவில் பட்டு, பட்டில் ஒன்றும் இல்லை. எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை! ஐந்து வருஷம், இந்த இடத்தில்தான் நான் குடியிருந்தேன், இப்போது இடத்தைக் காணவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். தொட்டிலில் அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பார், உன் அம்மா கையைப் பார், ஓட்டைக் கையாம், ஓட்டைக் கை.

முதல் தாளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் போட்டு மாட்ட வேண்டும். எடுத்து மறுபடி பார்த்தேன், என் மூன்று சொட்டையும் எண்ணிப் பார்க்கிற ஆசையில். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. என்னது? மறுபடி எண்ணினேன். வகுப்பில் விடைத்தாள் மார்க் கூட்டுவது போல விரல் வைத்து எண்ணினேன். நாலு. மூன்றையே தேடின கண்ணுக்கு முதலில் இது படவில்லை. நாலாவது கொஞ்சம் தள்ளி, இரண்டு விரல் தள்ளி, பெரியதாக. என்னுடையவை மூன்றும் நிறமில்லாமல் இருக்கின்றன, இது மட்டும் மஞ்சள். அதிகம் இல்லை, பழைய நெய் போல லேசான மஞ்சள். இரண்டாவது தாளிலும் அது இருக்கிறது. மூன்றாவதிலும் இருக்கிறது. நாலாவதில்தான் இல்லை. உடுப்பின் மேல் தாளைப் பொருத்தி வைத்தேன். மஞ்சள் வட்டம் தனிப்பூவின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது. பூவுக்கு அடியிலிருந்து. நூலுக்கு அடியிலிருந்து. என் தலைக்குள் எல்லாம் நின்றுபோய், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. அந்தக் காலத்தில் கோயிலில் தேன்மெழுகுதிரிதானே, மஞ்சளாகத்தானே இருக்கும். செட்ரிக்கின் ஞானஸ்நானம். பதினாறு வயது அக்கா. தம்பிக்கு மெழுகுதிரி பிடிக்க வீட்டுக்கு மூத்த பெண்ணை விட்டால் வேறு யார்? அப்புறம் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு. நேர்ச்சையாம்! மாதாவுக்காம்! சோறு தண்ணி இறங்கவில்லையாம், எப்படி இறங்கும், எனக்குத் தெரியாதா எப்படி இறங்கும் என்று?

லெயோனி மைனி, மாட்டினீர்களா! முதலில் எனக்கு வந்தது இதுதான், மறைக்க மாட்டேன், நல்ல புத்தி எல்லாம் பிறகுதான் வந்தது. இந்தத் தாளை இன்றைக்கு விருந்தில் பாயசத்தோடு சேர்த்துப் பரிமாற வேண்டும் என்று தோன்றியது. இருபத்தெட்டு வருஷமாக ஒரு குடும்பமே கும்பிட்ட பூ. பிறகு, அந்த நினைப்பு இனித்துக்கொண்டிருக்கும்போதே, வேறு ஒன்று நெருடியது. மைனி மெழுகுதிரி பிடித்து நான் பார்த்திருக்கிறேனா? பவனியில் பூத்தட்டுதான் எடுப்பாள். கல்லறைத் திருநாளில் எல்லாரும் திரி கொளுத்துவோம், அவள் மாலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். கரண்டு போனால் டார்ச். இன்றைக்கு ஞானத்தாயே அவள்தான், முறைப்படி மெழுகுதிரி அவள் கையில் இருக்க வேண்டும், ஆனால் போன வாரமே சொல்லிவிட்டாள், திரியை செட்ரிக் பிடிக்கட்டும் என்று. என் பிள்ளைக்குப் பிடிக்க அவ்வளவு அலட்சியமா என்று நான் ஜோஸ்வினிடம் பொருமினேன். அப்படியானால் அன்றைக்கு, ஐந்து வருஷத்துக்கு முன்னால், சாமியார் நீட்டினதும் என் கையில் திணித்தாளே. நீ பிடிட்டி, கைராசி வரட்டும். பெரிய மனசு என்றார்கள். அது மனசே இல்லை. பயம். பயத்தில் அகப்பட்டவள் கையில் தள்ளிவிட்டாள், அகப்பட்டவள் நான், நானும் அதையே செய்தேன், அதே ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி. கோபப்பட வேண்டும். கோபம்தான் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிற ஒரு பதினாறு வயதுப் பெண் கண் முன்னால் வருகிறாள். அவளுக்கு வடிதாள் தெரியாது. அவளுக்குச் சொல்ல ஆளும் கிடையாது.

வாசலில் செருப்புச் சத்தம். மணி இரண்டு இருபத்தெட்டு. செம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, உடுப்பைத் தலையணையில் விரித்து வைத்தேன், தாள் மட்டும் கையில் இருக்கிறது. மைனி உள்ளே வந்தாள், பட்டுச்சேலை, வேர்வை, கழுத்தில் கைக்குட்டை. “கரண்டு இல்லியா? புள்ள எப்படித் தூங்கும்?” தொட்டிலை எட்டிப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு உடுப்பைத் தூக்கி ஜன்னலுக்குப் போனாள். மேலிருந்து பார்ப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேலே அவள் பார்க்கவே இல்லை. நேராகக் கீழ் ஓரத்துக்குப் போனது அவள் கை, பூவுக்கு இரண்டு விரல் தள்ளி. நின்றது. திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம். ஓரம் முழுவதையும் ஒரு சுற்றுத் தடவிக்கொண்டு வந்து, அதே இடத்தில் நின்றாள்.

“ஊக்கு எங்க?” என்றாள். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டது அவளுக்கே தெரிந்தது போல.

“நீங்களா குத்துனது மைனி?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். “பெட்டி மூடும்போது பாத்தேன். வேற யாரும் பாத்துறக் கூடாதேன்னு குத்துனேன்.”

“அஞ்சு வருஷமா தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்த கேக்கலியே மைனி.”

“என்னத்தட்டி கேக்க? ஒன் கையில தள்ளுனதே நான்தான.”

தாளை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். “மூணு என்னோடது மைனி,” என்றேன். அவள் உதடு எண்ணியது. மஞ்சள் வட்டத்துக்கு வந்ததும் நின்றது. நின்றபடி பின்னால் நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்தாள், சேலை கசங்குமே என்று பார்க்கக்கூட இல்லை. மைனி சேலை கசங்க உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

“பதினாறு வயசுட்டி எனக்கு,” என்றாள். “நகத்தால சுரண்டிச் சுரண்டிப் பாத்தேன். சுரண்டச் சுரண்ட உள்ளதான் போச்சு. அம்மா கதவத் தட்டுதாவ. என்ன செய்வேன், பூவப் போட்டு மூடிட்டேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நாசமாப் போற பூ. ஒவ்வொருத்தரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லும்போது நான் பேச்ச மாத்திருவேன். பிரிச்சாத்தான் மெழுகு போகும், பிரிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்.”

“பிரிக்க வேண்டாம் மைனி. போயிட்டு.”

“என்ன போயிட்டு?”

நாலாவது தாளை எடுத்துக் கொடுத்தேன். “கடைசியா வச்ச தாள் இது. பாருங்க. என்னோடதும் இல்ல, உங்களோடதும் இல்ல. அடியில ஒண்ணும் இல்ல இப்ப. வெறும் பூதான்.”

அவள் வெள்ளைத் தாளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினாள். பூவின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். “எத வச்சு எடுத்த?” என்றாள். காலால் செம்பை வெளியே தள்ளிக் காட்டினேன். பார்த்தாள். முதலில் அவள் தோள்தான் குலுங்கியது, அழுகிறாள் என்றே நினைத்தேன், பார்த்தால் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. “செம்பா! இருபத்தெட்டு வருசம்! ஒரு செம்பு வெந்நித் தண்ணியா!” எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் கட்டிலில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பாப்பா மிரண்டு வீறிட்டாள், அந்த நேரம் பார்த்து விசிறியும் சுற்றத் தொடங்கியது.

மைனி பிள்ளையைக் கழுவித் துடைத்து, அடியில் தடிமனாகத் துணி கட்டி, உடுப்பை மாட்டினாள். அவள் கை எப்போதும் போல அழகாகத்தான் வேலை செய்தது, இன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. அழுக்குத் தாள்களைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஓரத்தை மடிக்கவில்லை, ஊக்கைத் தேடவும் இல்லை, பூ வெளியே தெரியும்படி நீவிவிட்டாள். வாசலில் வேன் வந்து நின்றது, ஜோஸ்வின் எட்டிப் பார்த்தார். “அக்கா, கெளம்புவமா? மெழுகுதிரி செட்ரிக் கையில குடுத்தாச்சு.”

“அவன் எதுக்கு?” என்றாள் மைனி. “நான்தான ஞானத்தாய். நானே பிடிக்கேன்.”

ஜோஸ்வின் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். மைனி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, சேலை மடிப்பைச் சரிசெய்தபடி, அவருக்குக் கேட்காத மாதிரி கேட்டாள். “சிந்துனா நீ எடுத்துருவல்ல?”

“அர மணி நேரம் போதும் மைனி,” என்றேன்.

பாப்பாவின் பையில் மாற்றுத் துணிக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த வடிதாள் பாக்கெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினோம்.